ஒரே வேகம், வேறு வேறு விலை: வீட்டு இணைப்பும் வணிக இணைப்பும்

இணைய நிறுவனம் ஒன்றின் கட்டணப் பட்டியலை எடுத்துப் பார்த்தால், 100 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 100 மெகாபிட்) வேகத்துக்கு வீட்டுப் பிரிவில் ஒரு விலையும், அதே 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு வணிகப் பிரிவில் அதைவிட ஒன்றரை மடங்கோ மூன்று மடங்கோ உயர்ந்த இன்னொரு விலையும் போட்டிருப்பார்கள். இன்னும் கொஞ்சம் கீழே போனால், லீஸ்டு லைன் (ஒருவருக்கென்றே ஒதுக்கப்படும் தனி இணைப்பு) என்ற தலைப்பில் அதே வேகத்துக்கு விலையே போடாமல், விற்பனைப் பிரிவைத் தொடர்புகொள்ளுங்கள் என்று மட்டும் எழுதியிருக்கும். கேட்டு வாங்கிப் பார்த்தால் அந்த விலை வீட்டு இணைப்பைப்போல் பல மடங்காக இருக்கும். சிறிய அலுவலகங்களுக்கு வலையமைப்பு அமைத்துக் கொடுப்பது என் வேலை என்பதால், ஒரே வேகத்துக்கு எதற்கு இத்தனை விலை என்ற கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. கேட்பவர்களில் ஒரு சாரார், அலுவலகத்துக்கும் வீட்டு இணைப்பையே போட்டுச் சமாளித்துவிடலாமா என்று யோசிப்பவர்கள். இன்னொரு சாரார், வீட்டிலிருந்து வேலை செய்வதால் பணம் போனாலும் பரவாயில்லை, வணிக இணைப்பே எடுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள். இரு சாராரிடமும் நான் முதலில் சொல்வது, பட்டியலில் பெரிய எழுத்தில் இருக்கும் வேக எண்ணைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள் என்பதுதான். கூடுதலாகக் கொடுக்கும் பணம், அந்த எண் எத்தனை பேருக்கு நடுவே பகிரப்படுகிறது, அதை வைத்து எதைச் செய்யலாம், அறுந்துபோனால் யார் எத்தனை மணிக்குள் வந்து நிற்பார் என்பதற்கான வாக்குறுதிகளுக்குப் போகிறது. அந்த வாக்குறுதிகள் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால் வணிக இணைப்புக்குக் கொடுக்கும் பணம் தகும். எழுதப்படவில்லை என்றால் அதே கம்பிக்கு இரண்டு மடங்கு கொடுப்பதாகத்தான் அர்த்தம்.

முதலில் பகிர்தலை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் விலையின் பெரும்பகுதி அதில்தான் அடங்கியிருக்கிறது. வீடுகளுக்கு வரும் ஃபைபர் இணைப்புகளில் மிகப் பரவலாக இருப்பது ஜிபான் என்ற தொழில்நுட்பம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2003இல் இதற்கான தரநிலையை வெளியிடத் தொடங்கியது. நிறுவனத்தின் நிலையத்தில் உள்ள ஒரு போர்ட்டிலிருந்து ஒரே ஒரு ஃபைபர் புறப்படுகிறது. வழியில் ஸ்ப்ளிட்டர் என்ற சிறிய பெட்டியில் அது 32 ஆகவோ 64 ஆகவோ பிரிந்து வீடுகளுக்குச் செல்கிறது. அந்த ஒரு ஃபைபரில் கீழ்நோக்கி, அதாவது நிலையத்திலிருந்து வீடுகளுக்கு, வரக்கூடிய மொத்த வேகம் 2.488 ஜிபிபிஎஸ் (1 ஜிபிபிஎஸ் என்பது 1000 எம்பிபிஎஸ்). அதை 32 வீடுகளுக்குச் சரிசமமாகப் பிரித்தால் ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 78 எம்பிபிஎஸ் கிடைக்கும். 64 வீடுகள் என்றால் 39 எம்பிபிஎஸ்தான். ஆனால் அந்த வீடுகள் ஒவ்வொன்றுக்கும் 300, 500, சில இடங்களில் 1000 எம்பிபிஎஸ் என்று விற்கிறார்கள். இதில் மோசடி எதுவும் இல்லை. வீட்டுப் பயன்பாடு துண்டு துண்டாக நிகழ்வது. ஒருவர் கோப்பைப் பதிவிறக்கும் அந்தச் சில வினாடிகளில் அடுத்த வீட்டில் யாரோ பக்கத்தைப் படித்துக்கொண்டு சும்மா இருப்பார். உயர்தரக் காணொளி ஒன்று ஓடினாலும் 15 முதல் 25 எம்பிபிஎஸ்தான் செலவாகிறது. இந்த நிகழ்தகவை நம்பித்தான் வீட்டு இணைப்பின் விலை இவ்வளவு மலிவாக இருக்கிறது, அந்த நம்பிக்கை பெரும்பாலான நாள்களில் பொய்ப்பதும் இல்லை.

முன்பு இந்தப் பகிர்வு விகிதத்தை நிறுவனங்கள் வெளிப்படையாகவே சொல்லிவந்தன. பிரிட்டனில் தொலைபேசிக் கம்பி வழியாக வரும் ஏடிஎஸ்எல் இணைப்புகள் பரவிய காலத்தில், வீட்டுத் திட்டத்துக்கு 50 பேருக்கு ஒரு பங்கு, அலுவலகத் திட்டத்துக்கு 20 பேருக்கு ஒரு பங்கு என்பது திட்டத்தின் விவரத்திலேயே இருக்கும். வாங்குபவர் தான் எதற்குக் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டே கொடுத்தார். இப்போதைய பட்டியல்களில் அந்த எண்ணைத் தேடினால் கிடைப்பதே அரிது, கேட்டாலும் விற்பனையாளருக்குப் பல சமயம் தெரிந்திருப்பதில்லை. வேகத்தை விளம்பரப்படுத்துவது எளிது, நெரிசலை யார் விளம்பரப்படுத்துவார்கள்?

வணிகத் திட்டம் எடுத்தால் இந்த நெரிசலிலிருந்து விடுதலை கிடைத்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஓர் அலுவலகத்துக்கு வணிக இணைப்பு போட வந்த பணியாளரோடு நான் மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன். அவர் சுவரிலிருந்த சாம்பல் நிறப் பெட்டியைத் திறந்து, பச்சை முனை கொண்ட ஃபைபர் ஒன்றைக் காலியாக இருந்த ஒரு துளையில் செருகினார். பக்கத்துத் துளைகளில் மேல்மாடிக் குடியிருப்புகளின் எண்கள் ஒட்டுத்தாளில் எழுதப்பட்டிருந்தன. இது வீடுகளுக்குப் போகிற அதே ஸ்ப்ளிட்டர்தானே என்று கேட்டேன். "ஆமா சார், ஒரே பொட்டிதான். நீங்க கம்ப்ளெயிண்ட் குடுத்தா உங்களுது மேல வரும், அவ்வளவுதான்" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. குறைந்த விலை வணிகத் திட்டங்களில் கணிசமானவை இப்படித்தான் வீடுகள் தொங்கும் அதே மரத்தின் ஒரு கிளையில் தொங்குகின்றன.

ஆனால் ஒரே பெட்டியில் இருந்தாலும் இருவரையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜிபானில் மேல்நோக்கி, அதாவது வீட்டிலிருந்து நிலையத்துக்கு, செல்லும் தரவு ஒரே அலைநீளத்தில் போவதால் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச முடியாது. நிலையத்தில் இருக்கும் கருவி ஒவ்வொரு வீட்டுக் கருவிக்கும், நீ இந்த நொடித்துளியில் அனுப்பு என்று முறை ஒதுக்குகிறது. அந்த ஒதுக்கீட்டில் பல வகைகள் உண்டு: எப்போதும் கிடைக்கும்படி ஒதுக்கிவைத்த அளவு, கேட்டால் கட்டாயம் கிடைக்கும் உறுதியளித்த அளவு, மற்றவர்களுக்குப் போக மிஞ்சினால் மட்டும் கிடைப்பது என்று. வீட்டு இணைப்புகள் பெரும்பாலும் கடைசி வகையில் இருக்கும். நல்ல வணிகத் திட்டத்தில் ஒரு பகுதியாவது உறுதியளித்த வகையில் இருக்கும். எனவே வணிகத் திட்டம் விற்க வருபவரிடம் அதிகபட்ச வேகம் எவ்வளவு என்று கேட்பதைவிட, எந்த நேரத்திலும் குறையாத குறைந்தபட்ச வேகம் எவ்வளவு, அது ஒப்பந்தத்தில் எந்தப் பத்தியில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். பதில் மழுப்பலாக வந்தால், அந்தத் திட்டம் பெயரில் மட்டும் வணிகத் திட்டம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்தது மாத அளவு. வரம்பில்லை என்று விற்கப்படும் வீட்டுத் திட்டங்களில் நியாயப் பயன்பாட்டுக் கொள்கை என்ற ஒரு பத்தி இருக்கும். குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வேகம் சில எம்பிபிஎஸ் அளவுக்கு இறக்கப்படும், அல்லது கூடுதல் கட்டணம் வரும், அல்லது நெரிசல் நேரத்தில் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுவோம். இந்த வரம்பை மாதத்தின் சராசரி வேகமாக மாற்றிப் பார்ப்பது என் வழக்கம். மாதத்துக்கு 1 டிபி (1000 ஜிபி) என்ற வரம்பை எடுத்துக்கொண்டால், 100 எம்பிபிஎஸ் இணைப்பை முழு வேகத்தில் ஓடவிட்டால் அது 22 மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் தீர்ந்துவிடும். 1 ஜிபிபிஎஸ் இணைப்பில் இரண்டேகால் மணி நேரம்கூடத் தாங்காது. அதே 1 டிபியை 30 நாளுக்கும் பரப்பினால் வினாடிக்கு வருவது ஏறத்தாழ 3 எம்பிபிஎஸ். அதாவது நிறுவனம் உண்மையில் விற்பது, அவ்வப்போது 100 வரை தாவ அனுமதிக்கப்பட்ட 3 எம்பிபிஎஸ் இணைப்பு. வேகத்தைக் கூட்டி வரம்பை அப்படியே வைத்துவிட்டால் அந்தச் சராசரி மாறுவதே இல்லை, வரம்பைச் சீக்கிரமாக எட்டும் வசதி மட்டும்தான் கூடுகிறது.

இந்தக் கணக்கைக் கேட்டுப் பயந்துவிடவும் வேண்டாம். ஒரு குடும்பம் மாலை முழுவதும் காணொளி பார்த்தாலும், பிள்ளைகள் விளையாட்டுகளைப் பதிவிறக்கினாலும் 1 டிபியை எட்டுவது அவ்வளவு எளிதல்ல. எட்டுபவர்கள் வேறு மாதிரியானவர்கள்: பாதுகாப்புக் கேமராக்களின் பதிவை இரவும் பகலும் மேகக் கணிமைக்கு அனுப்புபவர்கள், காணொளித் தொகுப்பாளர்கள், அலுவலகத் தரவு முழுவதையும் தினமும் நகலெடுத்து வெளியே அனுப்புபவர்கள். 4 எம்பிபிஎஸ் அளவில் பதிவு செய்யும் ஒரு கேமரா மட்டுமே ஓய்வில்லாமல் ஓடினால் மாதத்தில் 1.3 டிபி ஆகிவிடும். தன் பயன்பாடு இந்த வகையா என்று தெரிந்துகொள்ள, ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் உள்ள மாதாந்திரக் கணக்கைப் பார்த்தால் போதும். அந்த எண்ணைப் பார்க்காமலேயே வணிகத் திட்டத்துக்கு மாறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வரம்புகளை எழுதி வைப்பதற்கு முன்னால், எழுதாமலேயே அமல்படுத்திய காலமும் இருந்தது. 2007இல் அமெரிக்காவின் காம்காஸ்ட் நிறுவனம், பிட்டாரென்ட் வழியாகக் கோப்புகளைப் பகிர்ந்தவர்களின் இணைப்பைப் பயனருக்குச் சொல்லாமல் இடையில் புகுந்து முறித்தது வெளியே வந்தது. 2008 ஆகஸ்டில் அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் அதைக் கண்டித்து உத்தரவிட்டது; அந்த உத்தரவை 2010இல் நீதிமன்றம் ரத்து செய்தது வேறு கதை. அதே 2008 அக்டோபர் முதல் அந்நிறுவனம் வீட்டு இணைப்புகளுக்கு மாதம் 250 ஜிபி என்ற வெளிப்படையான வரம்பை அறிவித்தது. வரம்பு பிடிக்கிறதோ இல்லையோ, எழுதி வைத்த வரம்பு எழுதாத வரம்பைவிட மேலானது என்பது என் கட்சி. 2024 முதல் அமெரிக்காவில் வீட்டு இணைப்புத் திட்டங்களுக்கு உணவுப் பொட்டலத்தில் இருப்பதைப்போன்ற ஒரு விவரச் சீட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். மாதக் கட்டணம், வழக்கமான வேகம், தரவு அளவு, தாண்டினால் ஆகும் கட்டணம் எல்லாம் ஒரே இடத்தில் அச்சாக வேண்டும். எல்லா நாடுகளும் பின்பற்றத்தக்க ஏற்பாடு இது.

பதிவேற்ற வேகத்தைப் பற்றி ஒரு பட்டியலும் உரக்கப் பேசுவதில்லை. பழைய தொலைபேசிக் கம்பியில் ஓடிய ஏடிஎஸ்எல்லும், கேபிள் டிவி கம்பியில் ஓடிய இணைப்பும் வடிவமைப்பிலேயே கீழ்நோக்கிப் பெரிதாகவும் மேல்நோக்கிச் சிறிதாகவும் இருந்தன. கேபிள் இணைப்பில் நெடுங்காலம் 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஒடுக்கமான பட்டையே பதிவேற்றத்துக்கு விடப்பட்டிருந்தது, அதுவும் வீடுகளிலிருந்து ஏறும் மின் இரைச்சல் எல்லாம் வந்து சேரும் பகுதி. அங்கே பதிவேற்றம் குறைவாக இருந்ததற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. ஃபைபரில் அந்தக் காரணம் வலுவிழந்துவிட்டது. ஜிபானில் மேல்நோக்கி 1.244 ஜிபிபிஎஸ் இருக்கிறது. ஜிபானுக்கு அடுத்து வந்து 2016இல் தரநிலையான எக்ஸ்ஜிஎஸ்-பானில் இரு திசையிலும் 10 ஜிபிபிஎஸ். இதற்குப் பிறகும் வீட்டுத் திட்டத்தில் 300 கீழே, 30 மேலே என்று கொடுத்துவிட்டு, இரு திசையிலும் சமமான வேகம் வேண்டுமானால் வணிகத் திட்டத்துக்கு வாருங்கள் என்று சொல்வது பெரும்பாலும் சந்தையைப் பிரிக்கும் உத்திதான். இதில் நிறுவனத்தை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. அலுவலகம் கொடுக்கக்கூடியதை அலுவலகத்திடமும் வீடு கொடுக்கக்கூடியதை வீட்டிடமும் வாங்குவதால்தான் வீட்டு விலை கீழே நிற்கிறது. காணொளிக் கூட்டம், மேகக் கணிமை, வெளியே சேமிக்கும் நகல் ஆகியவைதான் உங்கள் அன்றாட வேலை என்றால், பதிவிறக்கத்தைவிடப் பதிவேற்ற எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பயன்பாட்டுத் தடைகளில் மிகப் பழையது, வீட்டு இணைப்பில் சர்வர் வைக்கக் கூடாது என்பது. பெரும்பாலான வீட்டு ஒப்பந்தங்களில் இது ஏதோ ஒரு வடிவில் இருக்கும். கூகுள் ஃபைபர் அமெரிக்காவில் தொடங்கியபோது அதன் விதிகளிலும் இந்தத் தடை இருந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகு 2013இல், வணிக நோக்கமில்லாத தனிப்பட்ட சர்வர்களுக்கு அனுமதி உண்டு என்று விதியைத் திருத்தினார்கள். நடைமுறையில் வீட்டில் ஒரு கோப்பு சர்வரையோ கேமராப் பதிவுக் கருவியையோ வைத்திருப்பவரின் கதவை யாரும் வந்து தட்டுவதில்லை. ஆனால் விதி எழுத்தில் இருப்பதால், நாளை பயன்பாடு கூடினால் இணைப்பைத் துண்டிக்கும் உரிமை நிறுவனத்தின் கையில் இருக்கிறது, தொழிலை அதன்மேல் நிறுத்தியிருப்பவர் அதை மறக்கக் கூடாது.

எழுத்தில் மட்டும் இல்லாமல் கம்பியிலேயே அமலாகும் தடையும் உண்டு. வைரஸ் தொற்றிய வீட்டுக் கணினிகள் எரிதக் கடிதங்களை (ஸ்பாம்) அனுப்பித் தள்ளியதால், மின்னஞ்சல் சர்வர்கள் ஒன்றுக்கொன்று கடிதம் அனுப்பும் வழியான, வெளியே செல்லும் போர்ட் 25ஐ வீட்டு இணைப்புகளில் அடைத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. கடிதம் அனுப்ப விரும்பும் சாதாரணப் பயனருக்குப் போர்ட் 587 இருப்பதால் அவருக்கு இது தெரியவே தெரியாது. சொந்தமாக மின்னஞ்சல் சர்வர் நடத்துபவருக்கு மட்டும் வீட்டு இணைப்பு உதவாது. வணிகத் திட்டத்தில் கேட்டால் இந்தப் போர்ட்டைத் திறந்துவிடுவார்கள், ஐபி முகவரியை வைத்து சர்வரின் பெயரைக் கண்டறிய உதவும் தலைகீழ்ப் பெயர்ப் பதிவும் (ரிவர்ஸ் டிஎன்எஸ்) செய்துதருவார்கள். இருந்தாலும் இன்றைய நிலையில் சிறிய அலுவலகத்துக்குச் சொந்த மின்னஞ்சல் சர்வர் தேவையா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அதிகம் பேரைத் தொடும் சிக்கல், இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி. பழைய வகை (ஐபிவி4) முகவரிகளின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பகிர்ந்து கொடுக்கப்பட்டுத் தீர்ந்துவிட்டன. அதன் பிறகு பல நிறுவனங்கள் ஒரே பொது முகவரியின் பின்னால் பல வீடுகளை நிறுத்தத் தொடங்கின. இதற்கென்றே 2012இல் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் தனியாக ஒதுக்கப்பட்டன. உங்கள் ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வெளிப்புற முகவரி இந்த எல்லைக்குள் இருந்தால் நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். படம் பார்ப்பதற்கும் கூட்டத்தில் பேசுவதற்கும் இதனால் தொந்தரவு இல்லை. வெளியூரிலிருந்து அலுவலகக் கேமராவைத் திறக்க நினைத்தால், விபிஎன் (இணையத்தின் ஊடாகப் போகும் பாதுகாப்பான தனிப் பாதை) வைத்து அலுவலகக் கணினிக்குள் நுழைய நினைத்தால், குறிப்பிட்ட முகவரியிலிருந்து மட்டுமே உள்ளே விடுவோம் என்று வாடிக்கையாளர் நிறுவனம் சொன்னால், அங்கேதான் இடிக்கும். இன்னொரு சங்கடமும் இருக்கிறது: அதே முகவரியைப் பகிரும் முகம் தெரியாத யாரோ செய்த குறும்புக்கு, சில இணையதளங்கள் உங்களையும் சேர்த்துத் தடுத்துவிடும்.

இந்த ஒரு காரணத்துக்காகவே வணிகத் திட்டத்துக்கு மாறியவர்கள் ஏராளம். மாறுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். வீட்டுத் திட்டத்தின் மேலேயே சிறிய மாதக் கட்டணத்துக்கு நிலையான ஐபி கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. பட்டியலில் போடமாட்டார்கள், கேட்டால் கிடைக்கும். தேவை வெறும் கேமராவோ தொலைதூர அணுகலோ என்றால், உள்ளிருந்து வெளியே இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும் விபிஎன் சேவைகள் நிலையான முகவரி இல்லாமலேயே வேலையை முடித்துவிடுகின்றன.

இணைப்பை மற்றவருக்குக் கொடுப்பதில் விதிகள் கறாரானவை. வீட்டு இணைப்பை அந்த வீட்டில் வசிப்பவர்கள் மட்டுமே பயன்படுத்தலாம், மறுவிற்பனை கூடாது, அக்கம்பக்கத்துக்கு இழுத்துக் கொடுக்கக் கூடாது என்பது ஏறக்குறைய எல்லா ஒப்பந்தங்களிலும் உண்டு. தங்கும் விடுதி, காத்திருப்பு அறை, வாடிக்கையாளர் வந்துபோகும் கடை ஆகியவற்றில் வைஃபை கொடுப்பவர்கள் இந்த விதியைச் சட்டை செய்வதில்லை. நான் இங்கே மட்டும் எந்தச் சமரசமும் செய்துகொள்வதில்லை. யாரோ ஒரு விருந்தினர் செய்த காரியத்துக்கு விளக்கம் கேட்டு வந்தால் அது இணைப்பு எடுத்தவர் பெயரில்தான் வரும், அப்போது ஒப்பந்த மீறலும் சேர்ந்துகொள்ளும்.

இனி பழுது. வணிகத் திட்டத்தின் விலையை நியாயப்படுத்த எல்லாரும் எடுத்துவைக்கும் வாதம் சேவை உறுதி ஒப்பந்தம். 99.5 சதவீதம் இயங்கும் என்று வாக்களித்தால் 30 நாள் மாதத்தில் 3 மணி 36 நிமிடம் நின்றுபோகலாம் என்று பொருள், 99.9 என்றால் 43 நிமிடம், 99.99 என்றால் 4 நிமிடத்துக்குச் சற்று மேல். வீட்டு இணைப்பில் இப்படி ஓர் எண்ணே பெரும்பாலும் இருக்காது. முடிந்தவரை சீக்கிரம் சரிசெய்வோம் என்பதோடு நின்றுவிடும். எண் இருப்பது நல்லதுதான். ஆனால் அந்த எண்ணுக்குக் கீழே இருக்கும் விலக்குகளைப் படிக்க வேண்டும். முன்னறிவித்த பராமரிப்பு, உங்கள் கட்டடத்தின் மின்தடை, வேறு யாரோ சாலையைத் தோண்டி ஃபைபரை அறுத்தது ஆகியவை கணக்கில் வராது என்று எழுதியிருந்தால், இணைப்பு நிற்பதற்கான வழக்கமான காரணங்கள் அனைத்தும் வெளியே போய்விட்டன. நான்கு மணி நேரத்துக்குள் கவனிப்போம் என்ற வரியையும் நிதானமாகப் பார்க்க வேண்டும்: புகாரைப் பதிவுசெய்து பதில் அனுப்புவதற்கு நான்கு மணி நேரமா, இணைப்பு மீண்டும் ஓடுவதற்கு நான்கு மணி நேரமா? இரண்டுக்கும் நடுவே இரண்டு வேலை நாள் போய்விடலாம்.

வாக்குறுதி மீறப்பட்டால் கிடைக்கும் இழப்பீட்டையும் முன்கூட்டியே கணக்கிட்டுப் பார்த்துவிடுவது நல்லது. வழக்கமான ஒப்பந்தத்தில், நின்றுபோன நேரத்துக்கு ஈடான மாத வாடகையின் பங்கு அடுத்த பில்லில் கழிக்கப்படும். ஒரு நாள் முழுவதும் நின்றுபோனால் மாத வாடகையில் முப்பதில் ஒரு பங்கு. அன்று பில் போட முடியாமல் திரும்பிய வாடிக்கையாளர்களுக்கோ, தவறிய ஒப்பந்தப்புள்ளிக்கோ எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது என்று அதே பக்கத்தில் எழுதியிருக்கும். இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. பிரிட்டனில் 2019 ஏப்ரலில் தொடங்கிய தன்னியக்க இழப்பீட்டு ஏற்பாடு, பழுது நீடித்தாலோ பணியாளர் சொன்ன நேரத்துக்கு வராவிட்டாலோ கேட்காமலேயே பணம் கொடுப்பது. அது வீட்டு வாடிக்கையாளர்களை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டது. பல நாடுகளில் நுகர்வோர் சட்டம் தனிமனிதனுக்குத் தரும் பாதுகாப்பை வணிக ஒப்பந்தம் போட்டவர் இழந்துவிடுகிறார், இரண்டு வணிகர்கள் சமமாகப் பேசி முடித்ததாகவே சட்டம் அதைப் பார்க்கிறது.

லீஸ்டு லைன் இந்தக் குழப்பங்களுக்கு வெளியே இருக்கிறது. ஸ்ப்ளிட்டர் கிடையாது, உங்களுக்கென்று தனிப் பாதை, இரு திசையிலும் சமமான வேகம், மாத அளவு என்ற பேச்சே இல்லை. 100 எம்பிபிஎஸ் என்றால் நள்ளிரவிலும் நண்பகலிலும் 100. பெரிய அளவில் வாங்குபவர்களுக்கு இன்னொரு கட்டண முறையும் உண்டு: ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பயன்பாட்டை அளந்து, மாதத்தில் சேரும் 8640 அளவீடுகளை வரிசைப்படுத்தி, உச்சத்தில் இருக்கும் 5 சதவீதத்தைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் எது அதிகமோ அதற்குப் பில் போடுவார்கள். கழிக்கப்படும் 432 அளவீடுகள் 36 மணி நேரத்துக்குச் சமம். அந்த அளவுக்குள் எவ்வளவு தாவினாலும் காசு இல்லை. இரவு நேர நகலெடுப்பை இந்தக் கணக்கை மனத்தில் வைத்து ஒழுங்குபடுத்திக்கொள்பவர்கள் நன்றாகப் பணத்தை மிச்சப்படுத்துகிறார்கள். பத்துப் பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கு இதெல்லாம் தேவைப்படாது.

விலையை ஒப்பிடும்போது கவனிக்க வேண்டிய சில்லறை விஷயங்களும் உண்டு. சில நாடுகளில் வீட்டு விலை வரியையும் சேர்த்துச் சொல்லப்படும், வணிக விலைக்கு வரி தனியாக வரும். வரிப் பதிவுள்ள நிறுவனம் அதைத் திரும்பப் பெற முடியும் என்பதால் வித்தியாசம் தோன்றுவதைவிடக் குறையலாம். வீட்டுத் திட்டத்தின் அறிமுகச் சலுகை முடிந்த பிறகான விலையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வணிக ஒப்பந்தங்கள் ஓர் ஆண்டு முதல் மூன்று ஆண்டு வரை கட்டிப்போடும், நடுவில் விலகினால் மிச்ச மாத வாடகையைக் கேட்பார்கள்.

இவ்வளவையும் வைத்து நான் சொல்லும் யோசனை இது. வீட்டிலிருந்து வேலை செய்பவர், மின்னஞ்சலும் கூட்டங்களும் மேகக் கணிமையும் மட்டுமே பயன்படுத்தும் ஐந்தாறு பேர் கொண்ட அலுவலகம் ஆகியோர், ஒரு வணிக இணைப்புக்குக் கொடுக்கும் பணத்தில் வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு மலிவான இணைப்புகளை எடுக்கலாம். வீட்டு முகவரியில் இயங்குபவருக்கு வீட்டுத் திட்டமே போதும். அலுவலகக் கட்டடத்தில் இருப்பவர், அந்த முகவரிக்கு வீட்டுத் திட்டத்தை ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, அனுமதிக்காவிட்டால் இருப்பதில் மலிவான வணிகத் திட்டத்தை எடுக்க வேண்டும். இரண்டும் ஒரே நாளில் நிற்பதற்கான வாய்ப்பு, ஒரு வணிக இணைப்பு நிற்பதற்கான வாய்ப்பைவிடப் பெரும்பாலும் குறைவு, இழப்பீட்டுக்காக யாரோடும் மல்லுக்கட்டவும் வேண்டியதில்லை. வெளியிலிருந்து பிறர் வந்து இணையும் சர்வர் வைத்திருப்பவர், பொதுமக்களுக்கு வைஃபை கொடுப்பவர், பெரிய கோப்புகளை ஓயாமல் பதிவேற்றுபவர், குரல் அழைப்பு மையம் நடத்துபவர் ஆகியோர் வணிக இணைப்பைத் தயங்காமல் எடுக்கட்டும், உறுதியளித்த வேகத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு.

இரண்டு இணைப்புகள் எடுப்பவர்கள் பாதையை விசாரிக்க வேண்டும். இரு வேறு நிறுவனங்களின் ஃபைபர்கள் ஒரே குழாயிலோ ஒரே கம்பத்திலோ வந்தால், ஒரே பள்ளம் இரண்டையும் சேர்த்து அறுத்துவிடும். ஒன்று ஃபைபராகவும் மற்றது மொபைல் வலையமைப்பு வழியாகவும் இருந்தால் அந்த அபாயம் பெரிதும் குறையும். ஒன்று நின்றால் மற்றதுக்குத் தானாக மாறும் வசதி ரூட்டரில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அமைத்த அன்றைக்கே, ஒரு காணொளிக் கூட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் இணைப்பின் கேபிளைப் பிடுங்கிவிட்டு, படம் எத்தனை வினாடியில் மீண்டும் அசைகிறது என்று எண்ணிப் பார்ப்பேன். அரை நிமிடத்துக்குமேல் போனால், இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று ரூட்டர் சோதிக்கும் இடைவெளியைக் குறைத்துவிட்டு மறுபடியும் பிடுங்குவேன்.